எரிக்காமல் ஒரு போகி: இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் எப்படிச் சுத்தம் செய்வது?

மடிப்பாக்கத்துக்காரி
டிசம்பர் 26, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. போகிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டாவது படிக்கும் பையன், மூன்றாவது படிக்கும் பெண், முட்டிவலியோடு மாமியார். இரண்டு படுக்கையறை வீடு, இரண்டிலும் பரண். அந்தப் பரண்களில் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது.

இரண்டு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன். வாசலில் எதையும் கொளுத்தப் போவதில்லை. பெண்ணுக்கு வீசிங் உண்டு. போன போகியன்று விடியற்காலையில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு நெபுலைசரும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது, தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என்று பாட்டில் பாட்டிலாக வாங்கி அடுக்கப் போவதில்லை.

வார நாட்களில் இரவு அரை மணி நேரம் கிடைக்கும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. எங்கே தொடங்குவது? வெளியே எடுக்கும் சாமானை யாரிடம் கொடுப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


மூன்றாம்மாடி
டிசம்பர் 26, இரவு 11.02

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். பெரம்பூரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் வருஷா வருஷம் இதை ஒருங்கிணைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லோரும் பரணிலிருந்து சாமானை இறக்குவதில்தான் தொடங்குகிறார்கள். கூடத்தில் மலைபோல் குவித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் களைத்துப்போய் பாதியைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். மீதி தெருமுனைத் தொட்டிக்குப் போகும், இல்லையென்றால் நெருப்புக்குப் போகும். எதை எங்கே அனுப்பப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இறக்குவது அதற்கப்புறம்.

நான்கு சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பழைய அரிசிச் சாக்கே போதும். ஒன்று பழைய பேப்பர் கடைக்கு: தாள், அட்டை, இரும்பு, அலுமினியம், பித்தளை, கெட்டியான பிளாஸ்டிக். இதற்குக் கையில் காசும் வரும். இரண்டாவது, இன்னொருவர் பயன்படுத்தக்கூடிய நிலையில் இருப்பவை. மூன்றாவது, மாநகராட்சிக்கு. நான்காவது சாக்கு முக்கியம்: டியூப்லைட், சிஎஃப்எல் பல்பு, செல்பேசி, சார்ஜர், பேட்டரி, பெயிண்ட் டப்பா, காலாவதியான மாத்திரை. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தது. நம்மில் பலர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறோம்.

மெத்தை, உடைந்த கட்டில், நாற்காலி போன்ற பெரிய சாமான்களுக்கு 1913 என்ற மாநகராட்சி உதவி எண்ணில் அழைத்துக் கேளுங்கள். போகி சமயத்தில் பழைய துணி, டயர், பாய் எல்லாவற்றையும் எரிக்காமல் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுக்கும்படி சென்னை மாநகராட்சியே அறிவிப்பு கொடுத்துத் தனியாக வாங்கிக்கொள்கிறது. போகிக்கு முதல்நாள் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் சுமை குறையும்.


வேதியியல்வாத்தியார்
டிசம்பர் 27, காலை 6.30

வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீடு என்பதால் புகையைப் பற்றி இரண்டு வார்த்தை. மார்கழிக் கடைசியில் விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மூடி போட்டதுபோலத்தான். புகை மேலே ஏறிக் கலைய வழியில்லை. காற்றும் வீசாது, பனியும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் அதே குப்பையை மே மாதத்தில் எரிப்பதற்கும் போகி விடியலில் எரிப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னையில் இறங்க முடியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டது பலருக்கு நினைவிருக்கும்.

முன்பு எரிந்தது பனையோலைப் பாய், கிழிந்த பருத்தித் துணி, தென்னந் துடைப்பம். இன்று எரிவது வேறு. பாலியெஸ்டர் சேலை நூல் வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக். பிவிசி குழாயும் ரெக்சினும் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். நுரை மெத்தை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயுகூட வரும். டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "சின்னத் தீதானே" என்று யாராவது சொன்னால், தீ எவ்வளவு பெரியது என்பதைப் பார்க்காதீர்கள், எரிவது என்ன என்று கேளுங்கள்.

பாட்டில்கள் வாங்கப் போவதில்லை என்றது சரியான முடிவு. ஆனால் ஒன்று: வீட்டில் இருப்பதைக் கலந்து பரிசோதனை செய்யாதீர்கள். பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தாலும் அதேதான். கதவடைத்த குளியலறையில் இது ஆளைச் சாய்த்துவிடும்.


நேரமில்லாதவள்
டிசம்பர் 27, மதியம் 1.20

வாத்தியார் ஐயா, சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் எல்லாக் கறையும் போகும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே, அது?


வேதியியல்வாத்தியார்
டிசம்பர் 27, மாலை 5.45

ஆபத்தில்லை, பயனும் பெரிதாக இல்லை. ஒன்று காரம், ஒன்று அமிலம். பொங்கி அடங்கியதும் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல வேலைக்காரர்கள்.

மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் போர் தண்ணீர் என்றால் குழாயிலும் ஷவரிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதற்கு அமிலம்தான் மருந்து. பழைய துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வையுங்கள், பிழிந்த எலுமிச்சை மூடியால் தேயுங்கள், உடனே கழுவிவிடுங்கள். சமையல் சோடா இதற்கு உதவாது. அது ஃபிரிட்ஜ் நாற்றத்துக்கும், அடிப்பிடித்த பாத்திரத்துக்கும், சிங்க் வழவழப்புக்கும்.

பழைய வீடாக இருந்து மொசைக் தரை போட்டிருந்தால் வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதையும் தரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சில்லும் சிமெண்டும். இரண்டையும் அமிலம் அரிக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குடிவருவதற்கு முன் ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் பார்த்தால் பளபளப்பு போய், கை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறது. அந்தச் சொரசொரப்பில் அழுக்கு முன்னைவிட வேகமாக ஏறுகிறது. வெறும் தண்ணீரும் கொஞ்சம் பூந்திக்கொட்டைச் சாறும் மொசைக்குக்கு ஏராளம்.


கும்பகோணத்தாள்
டிசம்பர் 27, இரவு 8.10

வாத்தியார் பூந்திக்கொட்டையை எடுத்துவிட்டார், நான் முறையைச் சொல்லிவிடுகிறேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பத்துப் பதினைந்து காயை உடைத்து விதையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் சமையலோடு சமையலாக அடுத்த அடுப்பில் கால் மணி நேரம் கொதிக்கட்டும். ஆறியதும் பிசைந்து வடிகட்டினால் தேன் நிறத்தில் சாறு வரும். நுரை குறைவாகத்தான் வரும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அழுக்கு போகும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகப் போகிறதே, இது அப்படிப் போகாது. வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை வரும், அதனால் ஃபிரிட்ஜில் வையுங்கள். கண்ணில் பட்டால் எரியும். மீன் தொட்டி இருக்கிற வீட்டில் அந்தப் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது, மீனுக்கு ஆகாது.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய்த் தூள். பூஜைப் பாத்திரத்துக்குப் புளியும் கல்லுப்பும். புளி போட்ட பித்தளையை ஈரத்தோடு விட்டால் மறுநாளே கறுக்கும். கழுவிய கையோடு துடைத்து, கொஞ்சம் விபூதியைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். உங்கள் மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்து இந்த வேலையைக் கொடுங்கள் அம்மா. முட்டிவலிக்காரிக்கும் வீட்டு வேலையில் ஒரு பங்கு இருக்கிறது என்றால் மனசுக்குத் தெம்பு.


வடசென்னைக்காரன்
டிசம்பர் 27, இரவு 9.35

எல்லோரும் நல்ல விஷயம்தான் பேசுகிறீர்கள். ஆனால் போகியை வெறும் வீடு கழுவும் நாளாக்கிவிடாதீர்கள். நான்கு மணிக்கு எழுந்து, மேளம் கொட்டி, தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடுவது எங்களுக்கு ஒரு பெரிய சந்தோஷம். குளிருக்கு ஒரு தீ மூட்டினால் என்ன? தொழிற்சாலைப் புகையும் லாரிப் புகையும் வருஷம் முழுக்க வருகிறது. ஒரு நாள் போகிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கேள்வி?


மடிப்பாக்கத்துக்காரி
டிசம்பர் 27, இரவு 10.20

சகோதரா, மேளத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, என் பையனும் இப்போதே மேளம் கேட்டு நச்சரிக்கிறான். வருஷம் முழுக்க வரும் புகைக்கு நம்மால் ஒரு நாளில் வழி செய்ய முடியாதுதான். ஆனால் என் பெண் மூச்சுத் திணறுவது அந்த விடியற்காலையில் எங்கள் தெருவில் வரும் புகையால். இதை நிறுத்துவது நம் தெருக்காரர்கள் கையில் இருக்கிறது.


கொங்குநாட்டுக்காரி
டிசம்பர் 28, காலை 7.05

எங்கள் பக்கம், ஈரோடு மாவட்டம், போகியன்று கொளுத்தும் வழக்கமே பெரிதாக இல்லைங்க. அன்றைக்கு எங்களுக்குக் காப்புக்கட்டு. வீட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாணம் தெளித்து வாசல் வழித்துவிட்டு, சாயங்காலம் பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வீட்டுக் கூரையிலும் தொழுவத்திலும் கிணற்றடியிலும் தோட்டத்து மூலையிலும் செருகுவோம். போகி என்றால் தீ மூட்டித்தான் ஆகவேண்டும் என்பது தமிழ்நாடு முழுவதற்கும் பொது இல்லை. சென்னைக்காரர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் ஒரு கொத்து செருகலாமே. பொங்கல் சமயத்தில் சந்தையில் பூளைப்பூ கட்டுக்கட்டாக வருகிறது.

சுண்ணாம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் முடிந்து சுவரில் பூசணம் பிடித்திருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றித் தாளித்து அடித்தால் அந்தக் காரத்துக்குப் பூசணம் நிற்காது. பெயிண்ட் அடித்த சுவரில் சரியாகப் பிடிக்காது. ஆனால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், காம்பவுண்டு, மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம் இதற்கெல்லாம் இன்றும் அதுதான் மலிவு. கலக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


வடசென்னைக்காரன்
டிசம்பர் 28, காலை 9.40

பூளைப்பூ யோசனை பிடித்திருக்கிறது. தங்கச்சி வீட்டுக் குழந்தை நெபுலைசரில் உட்கார்ந்ததைப் படித்தபின் எங்கள் தெருப் பையன்களிடம் பேசினேன். டயரும் பிளாஸ்டிக்கும் இந்த முறை கிடையாது என்று ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வறட்டியும் காய்ந்த ஓலையும் போட்டு ஒரு சின்னத் தீ இருக்கும், அதை விட மனசு வரவில்லை.


வேதியியல்வாத்தியார்
டிசம்பர் 28, காலை 11.15

வறட்டிப் புகையும் நுரையீரலுக்கு நல்லதில்லை தம்பி. ஆனாலும் டயரை விட்டதே பெரிய காரியம், அதற்கு நன்றி. அந்தப் பழைய டயர்களை மாடியிலும் போட்டு வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும் முதல் இடம் அதுதான். தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.


கைக்குழந்தைக்காரி
டிசம்பர் 28, மதியம் 2.50

பீரோ சுத்தம் செய்யும்போது பூச்சி உருண்டைக்குப் பதில் என்ன வைக்கலாம்? பிறந்து இரண்டு மாதமான குழந்தையின் துணிகளும் அதே பீரோவில்தான்.


ஓய்வுபெற்றசெவிலி
டிசம்பர் 28, மாலை 4.30

குழந்தைத் துணி இருக்கும் பீரோவில் அந்த வெள்ளை உருண்டையை வைக்கவே வேண்டாம் அம்மா. நாப்தலீன் உருண்டையாக இருந்தால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சைக் குழந்தைக்கு, அந்தத் துணியை உடுத்துவதாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். குறைபாடு இருப்பது முன்கூட்டியே பலருக்குத் தெரியாது. ஏற்கெனவே உருண்டையோடு இருந்த துணிகளை நன்றாகத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே போடுங்கள்.

பூச்சிக்கு முதல் மருந்து வெயில். பீரோவைக் காலி செய்து, துணியை மொட்டைமாடியில் ஒரு பகல் முழுக்கப் போட்டு, பீரோவையும் துடைத்துக் காயவிட்டு அடுக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் நிழலில் காய்ந்த வேப்பிலையையோ வசம்பையோ மெல்லிய துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வையுங்கள். வேப்பிலையைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பட்டுப் புடவையை மட்டும் நேர் வெயிலில் போடாமல் நிழலில் ஆற்றுங்கள்.


பசுமைத்தாழ்வாரம்
டிசம்பர் 28, இரவு 9.00

யாரும் இன்னும் பயோ என்சைமைச் சொல்லவில்லையே. வெல்லம் 1 பங்கு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடித் தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. பிளாஸ்டிக் குடுவையில் போட்டு மூன்று மாதம் நொதிக்கவிட வேண்டும். கண்ணாடி வேண்டாம், வாயு சேர்ந்து வெடித்துவிடும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். வடிகட்டினால் தரை, கழிவறை, சிங்க் எல்லாவற்றுக்கும் ஆகும். நான் வாங்குவதையே விட்டுவிட்டேன்.


நேரமில்லாதவள்
டிசம்பர் 28, இரவு 9.50

இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மூன்று மாதத்துக்குத் தோலைச் சேர்த்து, தினமும் மூடி திறந்து, பூந்திக்கொட்டை கொதிக்கவைத்து, உரம் கிளறி, துணி டயபர் துவைத்து... இந்தப் பட்டியல் முழுவதும் யார் தலையில் விழுகிறது? பெரும்பாலான வீடுகளில் அம்மா தலையில். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு டப்பா கட்டிவிட்டு மின்சார ரயிலைப் பிடிப்பவளிடம் போய், சுற்றுச்சூழலையும் நீயே காப்பாற்று என்று சொல்வது நியாயமா? நான் கடையில் ஒரு பாட்டில் தரை துடைக்கும் திரவம் வாங்குகிறேன். அதற்காக என்னை யாரும் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம்.


மடிப்பாக்கத்துக்காரி
டிசம்பர் 28, இரவு 10.30

நீங்கள் சொன்னதில் ஒரு வரிகூட எனக்குத் தப்பாகப் படவில்லை. நான் இந்த இழையைத் தொடங்கிய காரணமும் அதுதான். வேலையைக் கூட்டும் பழக்கம் எனக்கு வேண்டாம், குறைக்கும் பழக்கம்தான் வேண்டும்.


இரட்டையர்அப்பா
டிசம்பர் 28, இரவு 11.10

நேரமில்லாதவள் அக்கா சொன்னதற்கு ஆண்கள் பக்கமிருந்து ஒருவராவது பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் "உதவி செய்கிறேன்" என்ற பேச்சையே விட்டுவிட்டோம். இடத்தைப் பிரித்துக்கொண்டோம். பரண், மின்விசிறி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, பழைய பேப்பர் கடைக்குப் போவது, இதெல்லாம் என் பொறுப்பு. எப்போது செய்வது, எதால் தேய்ப்பது என்று யோசிப்பதும் என் வேலை. பிள்ளைகளுக்கு அவர்கள் புத்தக அலமாரியும் பொம்மைப் பெட்டியும். பழைய நோட்டில் எழுதாத தாளைக் கிழித்தெடுத்து அடுக்கச் சொன்னால், மூக்குத்தி அளவு இடம் விடாமல் தேடி எடுக்கிறார்கள். அதைத் தைத்துக் கணக்குப் போடும் நோட்டாக்கிக் கொடுப்பேன்.

மின்விசிறிக்கு ஒரு வழி: பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, இரு கையாலும் அழுத்தி வெளிப்பக்கமாக இழுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது. வீசிங் உள்ள வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம். ஒட்டடை அடிக்கும் அன்று குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள்.


பசுமைத்தாழ்வாரம்
டிசம்பர் 29, காலை 6.50

நேரமில்லாதவள் அக்காவின் கேள்வி நியாயம். எப்படியும் இந்தப் பொங்கலுக்குப் பயோ என்சைம் தயாராகாது. ஓய்வில் இருப்பவர்கள், அல்லது குடியிருப்பில் நான்கு வீடு சேர்ந்து ஒரே குடத்தில் போடுவது, இதற்குத்தான் அது ஒத்துவரும். உரமும் அப்படியே. மொட்டைமாடியில் குடியிருப்புக்குப் பொதுவாக மூன்று தொட்டி வைத்தால் ஒரு வீட்டுக்கு வேலை என்பது காய்கறித் தோலைக் கொட்டி மேலே ஒரு கை காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போடுவது மட்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் காய்ந்ததைப் போட வேண்டும். புழுவைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது உரத்தை வேகப்படுத்தும். கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளுக்குப் போகிற குப்பையில் பெரும்பங்கு நம் சமையலறை ஈரக்குப்பைதான். பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று 2022இல் ராம்சர் தகுதி பெற்ற சதுப்பு நிலம் அது. மடிப்பாக்கத்துக்கு அடுத்த வாசல், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.


மூன்றாம்மாடி
டிசம்பர் 29, காலை 8.20

வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களைப் பற்றியும் பேசிவிடலாமா? போகி வாரம் வந்தால் ஒரே சம்பளத்தில் பரண், ஜன்னல், கழிவறை எல்லாம் அவர்கள் மேல் ஏறுகிறது. எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கு ஆசிட் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது, கையுறையும் யாரும் கொடுக்கவில்லை. கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் முன்கூட்டியே பேசுங்கள். அவர்கள் கையில் கொடுக்கும் பொருள் என்ன என்று ஒருமுறை பாருங்கள். அதேபோல உடைந்த கண்ணாடியை நாலு மடிப்புத் தாளில் சுற்றி மேலே எழுதிக் கொடுங்கள். குப்பையைப் பிரிப்பவர் கை அதற்குள் போகிறது.


நேரமில்லாதவள்
டிசம்பர் 29, மதியம் 1.05

இதைத்தான் எதிர்பார்த்தேன். சரி, நானும் ஒன்று சொல்கிறேன், நேரமே தேவைப்படாதது. ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயை ஒரு குடத்தில் விட்டால் தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, பால்கனி கழுவ எல்லாம் அதிலேயே ஆகிவிடும். உப்பு கூடுதல் என்பதால் செடிக்கு மட்டும் தொடர்ந்து ஊற்றுவதில்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், பூண்டி, செங்குன்றம், சோழவரம் ஏரிகள் வறண்டு கிடந்தபோது தொடங்கியது, இன்றும் நிறுத்தவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். சமையலறை சிம்னி வலை பிசினாக ஒட்டுகிறது. வாஷிங் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?


வேதியியல்வாத்தியார்
டிசம்பர் 29, மாலை 6.00

முதலில் வலை எதில் செய்தது என்று பாருங்கள். காந்தம் ஒட்டாமல், தூக்கினால் லேசாக, சாம்பல் வெள்ளையாக இருந்தால் அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம். பல சிம்னிகளில் அலுமினிய வலைதான். வாஷிங் சோடா அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கிவிடும். எவர்சில்வர் தடுப்புத் தகடு என்றால் தாராளமாகப் போடலாம்.

அலுமினியத்துக்குக் கும்பகோணத்து அம்மா சொன்ன பூந்திக்கொட்டைச் சாறோ, சாதாரணப் பாத்திரச் சோப்போ போதும். நன்றாகக் கொதித்த தண்ணீரை அகலமான டப்பில் ஊற்றி, சாறைக் கலந்து, வலையைப் படுக்கப்போட்டு இருபது நிமிடம் விடுங்கள். பழுப்பு நிற எண்ணெய் மேலே மிதந்து வரும். வெளியே எடுத்து, சொட்டச் சொட்ட இருக்கும்போதே சீயக்காய்த் தூளைத் தூவிப் பழைய பல்துலக்கியால் வலையின் குறுக்காகத் தேயுங்கள். ஆறிவிட்டால் எண்ணெய் திரும்ப இறுகிக்கொள்ளும், அதனால் வெந்நீர் சூடாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை செய்தால் சோப்புகூட அதிகம் வேண்டியதில்லை.


புதுவாடகைக்காரன்
ஜனவரி 2, இரவு 9.15

தாமதமாக வருகிறேன். பழைய துணியை எங்கே கொடுப்பது என்று யாரும் விரிவாகச் சொல்லவில்லையே?


இரட்டையர்அப்பா
ஜனவரி 2, இரவு 10.00

உடுத்தும் நிலையில் இருப்பதை மட்டும், துவைத்து மடித்துக் கொடுங்கள் தம்பி. பொத்தான் போயிருந்தால் தைத்துக் கொடுங்கள். கூஞ்ச் போன்ற தொண்டு அமைப்புகள் சென்னையிலும் வாங்குகின்றன. தெரிந்தவர்களுக்கு நேராகக் கொடுப்பதும் நல்லது, கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். கிழிந்த பருத்தி வேட்டி, பனியன் எல்லாம் துடைக்கும் துணி. அதைவிட நல்ல துடைக்கும் துணி கடையில் இல்லை. கெட்டியான திரைச்சீலை, பேண்ட் துணியைத் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்தால் பைகளாகத் தைத்துத் தருவார். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. அப்படியும் எல்லார் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலும் கவருக்குள் கவராகத் திணித்த ஒரு மூட்டை தொங்குகிறது. வண்டிக்கு ஒரு பை, அலுவலகப் பைக்குள் ஒரு பை என்று வைத்துவிட்டால் அந்த மூட்டை வளராது.


மடிப்பாக்கத்துக்காரி
ஜனவரி 5, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பரணும் காலி. கணவர் ஏறி இறக்கினார், பையன் சாக்குகளில் பிரித்தான், மாமியார் பூஜைப் பாத்திரம் முழுவதையும் முடித்துவிட்டார்கள். பரணில் அதிகம் இருந்தது என்ன தெரியுமா? ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்த கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாக்கள், அடுக்கடுக்காக. தூக்கிப்போட மனமில்லாமல், 'எதற்காவது ஆகும்' என்று கழுவிக் கழுவி வைத்தது. எதற்கும் ஆகவில்லை. பழைய பேப்பர் கடைக்காரர் கறுப்பு டப்பா வேண்டாம் என்றுவிட்டார், விலை போகாதாம். இனி வாங்கப் போகும்போது எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு போகிறோம். பக்கத்துக் கடையில் முகம் சுளிக்காமல் அதில் போட்டுத் தருகிறார்கள். வீட்டுக்குள் வராத டப்பாவைப் போகிக்குப் போகி சுத்தம் செய்ய வேண்டியதில்லை.

மிச்சம் இரண்டு: பழைய பெட்டி டிவி ஒன்று, ஆறேழு எரியாத டியூப்லைட். பழைய இரும்புக்காரர் டிவியை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?


மூன்றாம்மாடி
ஜனவரி 5, இரவு 10.10

கொடுக்காதீர்கள். பெட்டி டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அவர் கையில் போனால் கண்ணாடியை உடைத்து, ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள். நீங்கள் வாசலில் எரிக்காதது வேறு எங்கோ எரியும், அவர் பிள்ளைகளும் அந்தப் புகையைச் சுவாசிக்கும். மின்கழிவு விதிகளின்படி தயாரித்த நிறுவனங்களுக்கே மறுசுழற்சிக்கான பொறுப்பு இருக்கிறது, அவர்கள் சேவை மையத்தில் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர்கள் பட்டியலும் உண்டு. பல பேர் சேர்ந்து மொத்தமாகக் கொடுத்தால் வீட்டுக்கே வந்து எடுப்பார்கள். உங்கள் தெருவில் நாலு வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு பெட்டி டிவி நிச்சயம் இருக்கும்.

டியூப்லைட்டில் பாதரசம் உண்டு. உடையாமல் பழைய அட்டை உறையில் போட்டு, அபாயக் கழிவு என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு அறையை விட்டு வெளியே வந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டாம், தூள் காற்றில் ஏறும். கெட்டி அட்டையால் வழித்தெடுத்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கொடுங்கள்.

அந்தக் கறுப்பு டப்பாக்களுக்குத்தான் ஒரு வேலை இருக்கிறது பாருங்கள்!